மட்டக்களப்பில் ஒரு வருடம்: பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்கு

"உயர்தரப் படிப்பு முடிஞ்சுது. பல்கலைக்கழகம் போக முதல் ஒரு வருஷம் இருக்கு. ஊழியமாக வந்து அங்கே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாமா?" கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் எங்கள் திருச்சபைக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அம்மாவோ அப்பாவோ இந்தப் பக்கத்தில் பிறந்தவர். வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவார்கள். அங்கே இதைக் கேப் இயர் என்கிறார்கள்.

வரலாம். எப்படி வருவது, வந்து என்ன செய்வது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது கல்லடிப் பக்கம் ஒரு ஆலய மண்டபத்தில் மாலை வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த பல இளைஞர்கள் என்னோடு அந்தப் பாயில் உட்கார்ந்து படிப்பித்திருக்கிறார்கள்.

எவ்வளவு காலம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒன்பது மாதத்துக்குக் குறைவாக என்றால் வாசிப்பு வகுப்புக்கு வர வேண்டாம். வேறு உதவி எத்தனையோ இருக்கிறது, அதைச் செய்யலாம். ஒருமுறை இரண்டு வாரத்துக்கு ஒரு குழு வந்தது. அன்பான பிள்ளைகள்தான். பலூன் ஊதினார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், பனியும் அணிலும் உள்ள ஆங்கிலப் படப் புத்தகங்களை ஒரு பெட்டி நிறைய வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு சின்னப் பிள்ளை கேற்றடியில் நின்று, "அந்த அக்கா எப்ப வருவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்ல எனக்கு முடியவில்லை.

வாசிப்பு என்பது ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில், ஒவ்வொரு நாளும், அவசரப்படாமல் இருபது நிமிடம் இருப்பது. அதற்கு நாள் வேண்டும். முதல் இரண்டு மாதம் உங்களுக்கே பழகப் போய்விடும். பிள்ளை எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தொடங்க இன்னும் இரண்டு மூன்று மாதம். அதன் பிறகுதான் ஒரு முழுப் பந்தியை வாசித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த நேரம் நீங்கள் இங்கே இருக்க வேண்டும்.

தாள் வேலைகள்

நீங்களாக வந்து இறங்கி ஒரு ஆலயத்தைத் தேடிப் பிடிக்க வேண்டாம். உங்கள் ஊர்த் திருச்சபையின் போதகர் இங்குள்ள திருச்சபைக்கோ மறைமாவட்டத்துக்கோ எழுதட்டும். மெதடிஸ்த, கத்தோலிக்க, அங்கிலிக்கன் சபைகள் எல்லாவற்றுக்கும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆலயங்கள் உண்டு.

சுற்றுலா விசாவில் வந்து வகுப்பு எடுக்காதீர்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் அது வேலைதான். உங்களை அழைக்கும் சபை உங்களுக்காக வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் வழியாகப் போகும், நேரம் எடுக்கும். டிக்கெட் போடுவதற்கு ஆறு மாதம் முன்னரே தொடங்குங்கள். இலங்கைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது பொலிஸ் சான்றிதழ். பிரித்தானியாவில் வெளிநாட்டில் பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கென்றே சர்வதேச சிறுவர் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். கனடாவிலும் பிள்ளைகளோடு பழகும் பணிகளுக்குத் தனியான பொலிஸ் சோதனை இருக்கிறது. இதை உங்களிடம் கேட்காத இடத்துக்குப் போக வேண்டாம். கேட்கவில்லை என்றால் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். பிள்ளைகளைப் பற்றி அவ்வளவு அக்கறைதான் அங்கே என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: சிறுவர் இல்லங்களைத் தேடிப் போகாமல், பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து வந்து போகும் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே பிரிவைக் கண்டவர்கள். வருடத்துக்கு ஒரு அக்கா வந்து வந்து போவது அவர்களுக்கு இன்னொரு காயம்.

பெட்டியும் உடம்பும்

தடுப்பூசிக்கு உங்கள் வைத்தியரைப் பாருங்கள். ஈரல் அழற்சி, நெருப்புக் காய்ச்சல் (டைபாய்ட்), ஏற்பு (டெட்டனஸ்) இவற்றைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மலேரியா இல்லாத நாடு என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனமே இலங்கையை அறிவித்துவிட்டது. ஆனால் டெங்கு இருக்கிறது, அதுவும் மழை விட்ட கையோடு. நுளம்பு வலையை விடாதீர்கள். 1990 க்கு அழைத்தால் அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். இந்த இலக்கத்தையும், சிறுவர் பாதுகாப்புக்கான 1929 ஐயும் வந்த அன்றே போனில் பதிந்துவிடுங்கள்.

உடுப்பு பருத்தியில், முழங்காலுக்குக் கீழே. ஆண் பிள்ளைகள் வகுப்புக்கு நீளக் காற்சட்டை. புத்தகம் அள்ளிக்கொண்டு வர வேண்டாம். தமிழ்ப் புத்தகம் இங்கேயே வாங்கலாம், கடைக்காரருக்கும் வியாபாரம். பெட்டியில் இடம் இருந்தால் நல்ல தடித்த மட்டை அட்டைகளும் அழியாத மை மார்க்கரும் கொண்டுவாருங்கள்.

கொழும்பிலிருந்து ரயிலிலேயே வாருங்கள், முடிந்தால் பகலில். பொலன்னறுவை தாண்டி வாழைச்சேனை, ஏறாவூர் என்று பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு வரலாம். வாசிக்க முடியவில்லை என்றால் அடுத்த பகுதி உங்களுக்குத்தான்.

முதலில் நீங்கள் வாசியுங்கள்

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பலர் அழகாகத் தமிழ் பேசுவார்கள். வாசிக்கத் தடுமாறுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதோடு வர முடியாது. வருவதற்கு முன் நான்கு மாதம், நாளுக்கு அரை மணி நேரம், சத்தமாக வாசித்துப் பழகுங்கள். வேதாகமத்தையே எடுத்துக்கொள்ளலாம். மாற்கு சுவிசேஷம் சின்னது. கூடவே ஒரு சிறுவர் கதைப் புத்தகமும் வேண்டும், ஏனென்றால் வேதாகமத் தமிழ் பிள்ளைகள் புழங்கும் தமிழ் இல்லை. எங்கே தடக்குகிறீர்கள் என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். நீங்கள் தடக்கும் இடத்தில்தான் பிள்ளையும் தடக்கும். அந்தக் கொப்பி பிறகு உங்களுக்குத் தங்கம்.

மட்டக்களப்புப் பேச்சுக்கும் காதைப் பழக்க வேண்டும். "மறுகா" என்றால் பிறகு. "கிறுகு" என்றால் திரும்பு. "இஞ்ச வாகா" என்று ஒரு அம்மா கூப்பிட்டால் அன்பாகக் கூப்பிடுகிறா என்று அர்த்தம். முஸ்லிம் பிள்ளைகள் "காக்கா" என்றால் அண்ணன், "ராத்தா" என்றால் அக்கா. உங்களைப் பிள்ளைகள் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள், சிலர் மிஸ், சேர் என்பார்கள். இரண்டும் சரி. பிள்ளைகளைப் பெயர் சொல்லியோ தம்பி, தங்கச்சி என்றோ கூப்பிடுங்கள். பெற்றோரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். அந்தப் பிள்ளையின் அம்மா உங்களுக்கு அன்ரி, அம்மம்மா உங்களுக்கும் அம்மம்மா.

முதல் இரண்டு வாரம் படிப்பிக்காதீர்கள். வகுப்பில் ஒரு ஓரமாக இருந்து பாருங்கள். பிள்ளைகளின் வீடுகளுக்கு வகுப்பு நடத்துபவரோடு சேர்ந்து போங்கள். தேத்தண்ணி தருவார்கள், குடியுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை என்று இந்த ஊர் இரண்டு கரை. படுவான்கரைப் பிள்ளைகள் வயல் வேலையோடு வளர்கிறவர்கள். அறுவடை நேரத்தில் வகுப்பு பாதியாகும். அதற்குப் பிள்ளையைக் கோபிக்கக் கூடாது என்பது வீட்டைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

வகுப்பு

பாடசாலை ஒன்றரை மணிக்கு விடும். பிள்ளை வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, கொஞ்சம் விளையாடி வர நான்கு மணியாகும். நான்கிலிருந்து ஐந்து போதும். ஒரு பெரியவருக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்.

முதல் வேலை, ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பது. பாடசாலையில் எந்தத் தரம் (வகுப்பு) என்று பார்த்துப் பிரிக்காதீர்கள். எழுத்தே தெரியாதவர், எழுத்துத் தெரிந்தும் சொல்லாகக் கூட்டத் தெரியாதவர், சொல் வாசிப்பவர், வசனம் வாசிப்பவர், கதை வாசித்து அதைத் திருப்பிச் சொல்லக்கூடியவர் என்று பிரியுங்கள். இந்தியாவில் பிரதம் என்ற கல்வி அமைப்பு இப்படித்தான் படி பார்த்துக் குழு பிரிக்கிறது. தரம் 5 பிள்ளையும் தரம் 2 பிள்ளையும் ஒரே குழுவில் வரலாம். பெரிய பிள்ளைக்கு அது கூச்சமாக இருக்கும். அதனால் குழுவுக்கு எண் போடாமல் மீன் பெயர் வைத்திருக்கிறோம்.

இந்தச் சோதனையில் ஏமாறாமல் இருக்க வேண்டும். தரம் 4 படித்த ஒரு பையன் என்னிடம் வந்தான். பாடப்புத்தகத்தைத் திறந்து, வரியில் விரல் வைத்து, ஒரு மாட்டைப் பற்றிய பாடத்தைத் தடங்கல் இல்லாமல் வாசித்தான். பக்கத்தில் நின்ற தாய்க்குப் பெருமை. நான் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் வசனத்தை முடித்துவிட்டது, விரலுக்கு இன்னும் இரண்டு சொல் மிச்சம் இருந்தது. படத்தைக் கையால் மூடிக்கொண்டு, நடுவில் இருந்த ஒரு சொல்லைக் காட்டி, "இது என்ன மகன்?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், பேசவில்லை. அந்தச் சொல் "மாடு". நான்கு வருடம் பாடசாலைக்குப் போன பிள்ளை, காதால் கேட்டதை எல்லாம் மனப்பாடம் செய்து சமாளித்திருக்கிறான். எவ்வளவு கெட்டித்தனம் இருந்தால் அது முடியும்! அந்தக் கெட்டித்தனத்தைத்தான் நாங்கள் எழுத்தின் பக்கம் திருப்ப வேண்டும்.

ஆகவே விரலைப் பாருங்கள். படத்தை மூடுங்கள். வரியில் உள்ள சொற்களைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கண்ணையும் காதையும் கூடப் பாருங்கள். ஒரு பெண் பிள்ளை புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்திருப்பாள். நான் அதைக் கெட்ட பழக்கம் என்று நினைத்து மூன்று மாதம் "நிமிர்ந்து இரு, நிமிர்ந்து இரு" என்று அதட்டினேன். கடைசியில் கண் வைத்தியரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது, பிள்ளையின் கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை. கண்ணாடி போட்டு ஒரு மாதத்தில் குழு மாறிவிட்டாள். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் வலிக்கும். நீங்கள் முதல் வாரத்திலேயே பாருங்கள். சந்தேகம் என்றால் பெற்றோரிடம் சொல்லி அரச வைத்தியசாலையில் காட்டச் சொல்லுங்கள்.

எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது அ, ஆ, இ என்று வரிசையாகத் தொடங்க வேண்டாம். 247 எழுத்தையும் மனப்பாடமாக ஒப்புவிக்கும் பிள்ளைக்கு ஒரு சொல் வாசிக்க வராமல் இருக்கலாம். ப, ட, ம மூன்றையும் எடுங்கள், புள்ளியைச் சொல்லிக்கொடுங்கள். படம், பட்டம், மடம், மட்டம். முதல் நாளே நான்கு சொல் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை அடுத்த நாள் ஓடி வரும். அப்புறம் அரவு, அதாவது கால் (ா). பாடம், மாடம், மாமா, பாப்பா.

கஷ்டம் இரண்டு இடத்தில் வரும். ஒன்று உகரம். கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம் எடுக்கும், ஒரு விதி சொல்லிக் கடந்து போக முடியாது. நாளுக்கு இரண்டு போதும். மற்றது கொம்பு (ெ). "கெ" என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது க். "கொ" என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. பிள்ளை அதைக் கெ, அப்புறம் ஒரு அரவு என்று பிரித்து வாசிக்கும். திருத்தும்போது "பிழை" என்று சொல்லாதீர்கள். கொம்பையும் அரவையும் தனி அட்டையில் வெட்டி வைத்து, க அட்டைக்கு இரண்டு பக்கமும் பிள்ளையே பொருத்தட்டும். கை செய்ததைக் கண் மறக்காது.

பேசுவதற்கும் எழுதுவதற்கும் உள்ள தூரம் அடுத்த தடை. பிள்ளை "ஒண்டு" என்று பேசும், புத்தகத்தில் "ஒன்று" என்று இருக்கும். இதற்கு நான் கண்ட நல்ல வழி, பிள்ளை சொல்லும் கதையை அது சொன்னபடியே எழுதிக் கொடுப்பது. "நேத்து அப்பாவோட ஆத்துக்குப் போனன். மீன் ஒண்டும் படல்ல." தன் வாயால் வந்த வசனம் தாளில் இருப்பதைக் காணும் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அதை அது வாசித்துவிடும். அடுத்த கிழமை அதே கதையை எழுத்துத் தமிழில் பக்கத்தில் எழுதி, இரண்டையும் வாசிக்க வையுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் வெளியே கூட்டிப்போங்கள். கடைப் பலகை, பஸ் பலகை, பாலத்தடி அறிவிப்பு எல்லாம் புத்தகம்தான். மனப்பாடம் செய்து வந்த அந்தப் பையன் முதன்முதலாகத் தானாக வாசித்தது ஒரு பஸ் பலகையை. கல்லடிப் பாலத்தடியில் நின்றோம். பஸ் நின்று ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். "க... ல்... மு..." என்று கூட்டினான். கடைசி எழுத்தில் நின்றான். பஸ் புறப்பட்டுவிட்டது. அதன் பின்னாலேயே நாலு அடி ஓடி, "னை! கல்முனை!" என்று கத்தினான். தெருவே திரும்பிப் பார்த்தது.

பெற்றோர் ஆங்கிலம் கேட்பார்கள். நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர், கேட்கத்தான் செய்வார்கள். பாட்டும் சின்னச் சொற்களுமாகப் பத்து நிமிடம் கொடுங்கள். தமிழ் வாசிப்பு வந்த பிறகுதான் ஆங்கில எழுத்து. எழுத்துக்கு ஒலி உண்டு என்பதைத் தன் மொழியில் கண்டுகொண்ட பிள்ளை மற்ற மொழியை வேகமாகப் பிடிக்கும்.

ஒக்டோபர் நாடு முழுவதும் வாசிப்பு மாதம். பாடசாலைகளிலும் பொது நூலகங்களிலும் நிகழ்ச்சிகள் இருக்கும். உங்கள் பிள்ளைகளில் ஒருவரையாவது மேடையேற்றப் பாருங்கள்.

விசுவாசத்தோடு எப்படி இருப்பது

இந்த வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் சைவம், சிலர் முஸ்லிம். வாசிப்பு வகுப்பில் ஜெபம் கட்டாயமில்லை, வேதாகமக் கதை பாடமாக இல்லை. ஞாயிறு பாடசாலை வேறு, அதற்குப் பெற்றோர் விரும்பி அனுப்பும் பிள்ளைகள் வருவார்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வாசிக்கத் தெரிய வேண்டும் என்ற ஒரு தாயின் ஆசையை வேறு எதற்கும் தூண்டிலாக்கக் கூடாது.

வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி 1814 இல் மட்டக்களப்பில் வந்து இறங்கினார். இங்குள்ள மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த வருடத்தோடு சேர்த்தே எண்ணுகிறது. 1815 இல் அவர் இறந்துபோனார். இந்த மண்ணில் அவர் இருந்தது ஒரு முழு வருடம்கூட இல்லை, அந்தக் காலத்துக்குள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கி வைத்தார். 1892 இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். சைவத் துறவியானார், பழந்தமிழ் இசையைப் பற்றி யாழ் நூல் எழுதினார். கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் தமிழுக்குச் செய்த பணியில் அதுவும் சேர்த்தி என்றுதான் நான் சந்தோஷப்படுகிறேன்.

உங்கள் ஜெபம் விடியக்காலையில் இருக்கட்டும், பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி. நீங்கள் யாருடைய பிள்ளை என்பது உங்கள் பொறுமையில் தெரியும்.

ஆலய வாசலில் பையைச் சோதித்தால் முகம் சுளிக்காதீர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலை முடித்து வந்து நின்ற பிள்ளைகளும் இறந்தார்கள். அதைப் பற்றி யாரிடமும் நீங்களாகக் கேட்க வேண்டாம். சொன்னால் இருந்து கேளுங்கள். டிசம்பர் 26, 2004 ஆம் ஆண்டு சுனாமியாகக் கடல் வந்த நாள், அன்றைக்கு வகுப்பு வைக்காதீர்கள். முஸ்லிம் மக்கள் வாழும் காத்தான்குடியும் ஏறாவூரும் எங்கள் அயல். அந்தப் பிள்ளைகளும் நம் பாயில் உட்காருகிறார்கள். யாரையும் நோகடிக்கும் ஒரு சொல் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

சில கண்டிப்பான விஷயங்கள்

கதவு திறந்தே இருக்க வேண்டும். பிள்ளையோடு தனியே எந்த அறையிலும் இருக்காதீர்கள், மோட்டார் சைக்கிளில் ஏற்றாதீர்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் போட்டோவை இணையத்தில் போடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு, ஒரு வீட்டுக்கு மட்டும் காசு என்று கொடுக்காதீர்கள். கஷ்டத்தைக் கண்டால் போதகரிடம் சொல்லுங்கள், சபை வழியாகப் போகட்டும். பிள்ளையின் உடம்பில் காயம் கண்டாலோ, பயந்துபோய் ஏதாவது சொன்னாலோ, அன்றைக்கே வகுப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அவர் அசையவில்லை என்றால் 1929.

மழையும் கடைசி மூன்று மாதமும்

நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை. படுவான்கரையில் வீதிகள் தண்ணீருக்குள் போகும், வகுப்பு கிழமைக்கணக்கில் நிற்கும். அதற்கு முன்பே பிள்ளைகளிடம் சின்னக் கதைத் தாள்களைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் மாசி, பங்குனியில் வந்து சேருங்கள். முதல் மழை வரும்போது உங்களுக்கு ஊர் பழகியிருக்கும்.

வந்த முதல் மாதமே உங்களோடு ஒரு உள்ளூர்ப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். உங்களுக்கு எது கேப் இயரோ அதே வருடம்தான் அவர்களுக்கும். இரண்டு பேரும் சேர்ந்து படிப்பியுங்கள். கடைசி மூன்று மாதம் அந்த உள்ளூர்ப் பிள்ளை முன்னால் இருக்கட்டும், நீங்கள் பின்னால் இருந்து அட்டை வெட்டிக் கொடுங்கள். போகப்போவதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். நாட்காட்டியில் வட்டம் போட்டுக் காட்டுங்கள், கடைசி நாளில் திடீரென்று சொல்லாதீர்கள்.

புறப்படும் முன் ஒரு கொப்பியை அந்த உள்ளூர்ப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். எந்தக் குழுவில் தொடங்கியது, இப்போது எதில் நிற்கிறது, எந்த எழுத்தில் தடக்குகிறது, எந்தக் கதை பிடிக்கும், கண்ணாடி போடுகிறதா. ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியிலும், நாளைக்கு எந்தச் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை எழுதுங்கள்.